திடீரெனவும் தற்செயலாகவும்

பாலிசியின் நாற்பத்தோராம் பக்கத்தில்
கசிவுக்கு ஜாதகம் கேட்கிறார்கள்.
பிறந்த நேரம் என்ன, கண்ணில் பட்ட நேரம் என்ன,
இடையே ஏழு நாள் தாண்டியிருக்கக் கூடாது.
திடீரென்று நிகழ்ந்திருக்க வேண்டும்,
தற்செயலாக நிகழ்ந்திருக்க வேண்டும்.
மெல்ல, வீட்டாள் மாதிரிப் பழகிக்கொண்டு
கசிந்திருந்தால்
காப்பீட்டுக்கு அதோடு உறவில்லை.

நான் பிறந்த நேரம் கணிக்கப் போனவன்.
பிஸ்மார்க்கிலிருந்து மூன்று மணி நேரம்,
வடக்கு டகோட்டாவின் வெள்ளைக்குள் ஒரே சாலை,
தூரத்தில் எரிவாயுச் சுடர்கள்
அணைக்க மறந்துவிட்டுப் போன அடுப்புகள் போல.

கம்பெனி எழுதிக் கொடுத்த பிறந்த தேதி: ஜனவரி பதினேழு.
கண்டுபிடித்தது இருபத்தொன்று.
நான்கு நாள். கச்சிதம்.
எண்ணெயோடு கிணறேறி வரும் உப்புநீர்,
கடலைவிடப் பல மடங்கு கரிப்பு,
நான்கு அங்குலக் குழாயின் ஒரு மூட்டில் நழுவி
தோர்டிஸ் ஹௌகனின் ஓடையில் இறங்கியிருந்தது.

விவாகரத்தில் நகரத்து வீட்டை விட்டுக்கொடுத்து
மாடுகளை எடுத்துக்கொண்டவள்.
காபி ஊற்றினாள். பாலுண்டா என்று நான் கேட்கவில்லை.
"பதினோரு பசு. அதில் மூன்று சினை"
என்பதைத் தவிர இழப்புப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குறிப்பு ஏதாவது எழுதுவதுண்டா என்றேன்.
வழக்கமான கேள்வி. வழக்கமான பதில், இல்லை.
அவள் எழுந்து போய்
விதைக் கம்பெனி இலவசமாகத் தந்த டைரியோடு வந்தாள்.
பென்சில் எழுத்து. காற்று, கன்று, டீசல் விலை,
கழன்ற கதவு, மறுபடி காற்று.

டிசம்பர் முப்பது:
*மைனஸ் இருபத்தாறு. வளைவில் ஓடை உறையவில்லை.
கோடரிக்கு வேலை இல்லை. தாமாகவே போய்க் குடித்தன.
யாருக்கோ நன்றி.*

இன்னொரு தரம் படித்தேன்.
உப்பு ஏறிய தண்ணீர் எளிதில் உறையாது.
முப்பதிலிருந்து இருபத்தொன்று வரை
விரல் மடக்கி எண்ண வேண்டிய கணக்கில்லை.

இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. சொன்னேன்.
இந்த வரி இருந்தால் பாலிசி இல்லை.
பாலிசி இல்லையென்றால் கம்பெனி என்பது
டெலவேரில் ஒரு தபால் பெட்டியும் நான்கு கடனும்.
மார்ச்சுக்குள் திவால்.
உங்கள் பதினோரு மாட்டுக்கு
அந்தத் தபால் பெட்டியில்தான் போய்த் தட்ட வேண்டும்.

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
"திடீரென்றுதானே நடந்தது?" என்றாள்.
"முந்தின நாள் ஐஸ் இருந்தது. உடைத்தது நான்."

மேசையில் பென்சில் கிடந்தது.
அதன் ஒரு முனையில் ரப்பர்.
நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
ஃப்ரிட்ஜ் ஒரு முறை உறுமி நின்றது.

"மைனஸ் இருபத்தாறா, இருபத்தேழா என்பதில் எனக்கே சந்தேகம்,
மற்றதெல்லாம் சரி"
என்று டைரியை என் பக்கம் தள்ளினாள்.
ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்தேன்.
'நன்றி' இருந்த இடத்தில் மட்டும்
கேமரா மூன்று முறை தெளிய மறுத்தது.

வெளியே வளைவுவரை நடந்தோம்.
புல் நின்ற இடத்தில் சாம்பல் நிற ஏடு,
காலடியில் அப்பளம் போல நொறுங்கியது.
எத்தனை வருஷம் என்று அவள் கேட்டதற்கு
மண் ஆய்வாளர் வருவார் என்றேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
மனிதர்களுக்குச் சொன்ன புத்தி.
மண்ணுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

என் அறிக்கை பன்னிரண்டு பக்கம்.
தோர்டிஸ் ஆறாம் பக்கத்தில் வருகிறாள்,
'மூன்றாம் தரப்பு' என்ற பெயரில்.
டைரி, இணைப்பு நான்கு.
மறுப்புக் கடிதத்தை எழுதியது வேறொருவர்.
நன்றாக எழுதுவார், எங்கும் 'இல்லை' என்ற சொல் வராது.

நேற்றிரவு வீட்டு வாசற்படியில் கண்ணாடி மாதிரிப் பனி.
காரின் பின்னாலிருந்து பையை எடுத்துப் பிரித்து
மூன்று படிக்கும் உப்புத் தூவினேன்.
ஓரங்கள் முதலில் இளகின.

காலையில் படி வெறும் ஈரம்.
மகள் வழுக்காமல் இறங்கிப்
பள்ளிக்கூடப் பேருந்துக்கு ஓடினாள்.